ஜாயின்ட்டை மூடிப் பூசிவிடாதீர்கள்

வாடை வருகிறது, லைட் மங்குகிறது, போர்டு சுடுகிறது என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் வயரின் நடுவில் ஒரு குறையும் இருக்காது. இரண்டு வயர் சேருகிற இடம்தான் கெட்டிருக்கும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது, வயரிங் செய்தவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், மேலே சிமெண்ட் பூசி பெயிண்டும் அடித்திருப்பார்கள். அதைத் தேடிக் கண்டுபிடிப்பதில்தான் என் வேலை நேரம் பாதி போகிறது. அதனால் ஜங்ஷன் பாக்ஸ், அதாவது வயர்கள் சேருகிற பெட்டி, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன், வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டில் இருக்கிறவர்களுக்கும் உதவும்.

நான் வேலை பார்ப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்குக் கோடி. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, இந்தப் பக்கம் மீனாட்சிபுரம், கோபாலபுரம். வீட்டுக்குள் தமிழ், கரண்ட் ஆபீசில் மலையாளம். வயர் வாங்குவது சிலர் பொள்ளாச்சியில், சிலர் பாலக்காட்டில். வீடுகளும் கலவைதான். முன்னால் ஓட்டு வீடு, அதில் மரச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய வயர். அதை ஒட்டி அப்பா காலத்தில் எடுத்த தார்சு (கான்கிரீட் கூரை) அறை. அப்புறம் மகன் கல்யாணத்துக்கு மேலே ஏற்றிய மாடி. மூன்று காலத்து வயரிங்கும் ஒரே மீட்டரில் வந்து சேரும். அந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில் ஒரு பெட்டி இருக்க வேண்டும், ஆனால் நிறைய வீடுகளில் அங்கே இருப்பது டேப் சுற்றிய ஒரு முடிச்சு மட்டும்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புதிய வயரிங், லைன் நீட்டிப்பு இதெல்லாம் லைசென்ஸ் உள்ளவர் பொறுப்பில், வயர்மேன் பெர்மிட் உள்ளவர் கையால் நடக்க வேண்டிய வேலை. கேரளத்திலும் அப்படித்தான், தமிழ்நாட்டிலும் அப்படித்தான். இதைப் படித்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏணி ஏறிவிட வேண்டாம். ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கவும், இது ஏன் இப்படி என்று கேட்கவும் வீட்டுக்காரருக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

ஒரு ரிட்டயர்டு டீச்சர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சமையலறையில் இண்டக்‌ஷன் அடுப்பு வைத்தால் லைட் லேசாக மங்கும். சில நாட்களாக மீன் கெட்டுப்போன மாதிரி ஒரு வாடை. சைவக் குடும்பம், அதனால் எலி செத்துக் கிடக்கிறதா என்று பரண் முழுக்கத் தேடியிருக்கிறார்கள். சுவிட்ச், ஹோல்டர், வயரின் மேலுறை இவை சூடேறினால் சில நேரம் இப்படித்தான் மீன் வாடை அடிக்கும். இந்த வாடை வந்து, எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை என்றால் அந்த சர்க்யூட்டை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கப் போகாதீர்கள். அங்கே நான் கண்டது என்னவென்றால், பி.ஓ.பி. சீலிங் போட்டபோது பழைய ஜங்ஷன் பாக்ஸ் சீலிங்குக்கு மேலே மாட்டிக்கொண்டது. மூடியும் இல்லை. உள்ளே 2.5 சதுர மில்லிமீட்டர் வயரையும் 1.5 வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் உருகி வழிந்து, செம்பு கறுத்துப் போய், பெட்டியின் ஒரு பக்கம் வளைந்திருந்தது.

"ஏந்தம்பி, எம்.சி.பி. விழவே இல்லையே, அப்புறம் எப்படிக் கருகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எம்.சி.பி. என்பது தானாக விழுந்து லைனை அணைக்கிற பாதுகாப்பு சுவிட்ச். இதைப் பலரும் கேட்கிறார்கள், எம்.சி.பி. இருந்தால் தீப்பிடிக்காது என்று ஒரு நம்பிக்கை ஊரில் பரவியிருக்கிறது. எம்.சி.பி. பார்ப்பது எவ்வளவு ஆம்பியர் போகிறது என்பதை மட்டும்தான். ஷார்ட் ஆனால் விழும், அளவுக்கு மேல் லோடு ஏறினால் கொஞ்ச நேரத்தில் விழும். ஜாயின்ட் தளர்ந்திருந்தால் ஆம்பியர் அதிகமாகாது, சொல்லப்போனால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதனால் எம்.சி.பி.க்கு எதுவுமே தெரியாது.

கணக்குப் போட்டே காட்டினேன். தளர்ந்த ஜாயின்ட்டில் அரை ஓம் எதிர்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 ஆம்பியர் போனால் பத்தைப் பத்தால் பெருக்கி, அதை அரையால் பெருக்க வேண்டும், 50 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்குகிற சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைப்போல் இரண்டு, மூடிய பெட்டிக்குள், பிளாஸ்டிக்குக்கு நடுவில். இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1.5 செம்பு வயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். அப்படியானால் அரை ஓம் என்பது 40 மீட்டர் வயரின் எதிர்ப்பு. 40 மீட்டரில் பரவிப் போக வேண்டிய சூடு முழுவதும் ஒரு விரல் நுனி இடத்தில் கூடுகிறது. சாதாரண பி.வி.சி. உறை தாங்குவது 70 டிகிரி. பிறகு சூட்டில் செம்பு இன்னும் கறுக்கும், கறுத்தால் எதிர்ப்பு இன்னும் ஏறும், ஒவ்வொரு நாள் சமையலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகிக்கொண்டே போகும். டீச்சரக்கா கணக்கு வாத்தியார் என்பதால் நான் முடிப்பதற்குள் அவரே மீதியைச் சொல்லிவிட்டார்.

அந்தப் பெட்டியில் இன்னொரு கோளாறும் இருந்தது. அந்த லைனுக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. முதல் பாதி 2.5 வயர், பெட்டிக்கு அப்புறம் 1.5. எம்.சி.பி. அந்த லைனில் உள்ள மிக மெல்லிய வயரைக் காப்பாற்ற வேண்டும், தடித்த வயரைப் பார்த்து எம்.சி.பி. போட்டால் மெல்லிய வயருக்குக் காவல் கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட், அதாவது 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அதே லைனில் மிக்சி, கெட்டில் என்று ஏறினால் 1.5 வயர் பாவம் என்ன செய்யும். எங்கள் வழக்கம் லைட், ஃபேனுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4. பெட்டியில் தடித்த வயரிலிருந்து மெல்லிய வயர் பிரிவதைப் பார்த்தால் டி.பி.யில், அதாவது எம்.சி.பி. எல்லாம் இருக்கிற போர்டில், என்ன எம்.சி.பி. இருக்கிறது என்று போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நல்ல ஜாயின்ட் எப்படி இருக்க வேண்டும்? என் முதல் பதில், ஜாயின்ட்டே இல்லாமல் இருப்பதுதான் நல்லது. புது வீட்டில் டி.பி.யிலிருந்து சுவிட்ச் போர்டு வரைக்கும் ஒரே துண்டாக வயர் இழுத்து, அங்கிருந்து அடுத்த போர்டுக்கு சுவிட்ச் டெர்மினலில் இருந்தே லூப் எடுத்துப் போய்விடலாம். ஜங்ஷன் பாக்ஸ் அப்போது வயர் திரும்புகிற இடமாக மட்டும் இருக்கும், உள்ளே வெட்டே இருக்காது. ஒரு காயில், அதாவது ஒரு சுருள் வயர், 90 மீட்டர். கடைசியில் மிஞ்சுகிற துண்டுகளை வீணாக்க மனசு வராமல் ஒட்டுப் போட்டு இழுக்கிறார்கள் பாருங்கள், அதுவும் பைப்புக்குள்ளேயே, அதுதான் பெரிய பாவம். பைப்புக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. ஒரு துண்டு குறைகிறது என்றால் வீட்டுக்காரர் புது காயிலுக்குக் காசு கொடுத்துவிடுவது நல்லது, அந்தச் செலவில் கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இல்லை இது.

தவிர்க்க முடியாத இடத்தில் கனெக்டர். சும்மா முறுக்கி டேப் சுற்றுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டேப்பின் பசை சூட்டில் இளகி ஒன்றிரண்டு கோடையில் பிரிந்து தொங்குகிறது, எங்கள் பக்கம் பங்குனி, சித்திரையில் தார்சுக்கு அடியில் கை வைத்துப் பார்த்தால் தெரியும் எவ்வளவு சூடு என்று. லீவர் வைத்த கனெக்டர்கள் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கின்றன. வாகோ 221 என்றால் 4 சதுர மில்லிமீட்டர் வயர் வரைக்கும் ஏற்கும், உறையை 11 மில்லிமீட்டர் உரிக்க வேண்டும், அந்த அளவு கனெக்டரின் பக்கவாட்டிலேயே குறித்திருக்கும். குறைவாக உரித்தால் உறையைக் கவ்விக்கொண்டு நிற்கும், கூடுதலாக உரித்தால் வெறும் செம்பு வெளியே தெரியும். லீவரை மூடிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஸ்க்ரூ கனெக்டர் என்றால் இழை வயரை அப்படியே திருகினால் சில இழைகள் நசுங்கி ஒதுங்கிவிடும், முனையில் பின் லக் என்கிற உலோக முனையைப் போட்டு, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்துவிட்டுத் திருகினால் உறுதியாக நிற்கும். உறை உரிக்கும்போது பல்லால் கடிப்பதும் பிளேடால் சுற்றிக் கீறுவதும் இழையை வெட்டிவிடும், உரிக்கிற கருவிக்குப் பெரிய விலை ஒன்றும் இல்லை.

பழைய வீடுகளில் அலுமினிய வயர் ஓடும். வெள்ளிபோல் வெளுத்து, கையில் எடுத்தால் லேசாக இருக்கும். அதையும் செம்பையும் ஒன்றாக முறுக்கவே கூடாது. அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டதும் ஒரு படலம் பிடிக்கும், அது கரண்டைச் சரியாக விடாது. ஈரமும் சேர்ந்தால் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடம் அரிக்கும். சூடேறி ஆறும்போது இரண்டும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதும் இல்லை, அதனால் திருகி வைத்தது தானாகவே தளரும். முடிந்தால் அந்த லைன் முழுவதையும் செம்பாக மாற்றிவிடுங்கள் என்பேன். உடனே முடியாது என்றால் இரண்டு உலோகத்துக்கும் ஏற்றது என்று குறிப்பிட்ட கனெக்டர் மட்டும்தான்.

இனி, பெட்டியைத் திறப்பதற்கு முன்னால். எனக்கு இந்தப் பகுதி மற்ற எல்லாவற்றையும் விட முக்கியம்.

மெயினை இறக்கியாச்சு என்று வீட்டுக்காரர் சொன்னால் நான் அதை நம்பி வயரைத் தொடுவதில்லை. இப்போது பாதி வீடுகளில் இன்வெர்ட்டர் இருக்கிறது. மெயினை இறக்கினால் இன்வெர்ட்டர் தன் கடமையைச் செய்யும், ஃபேன் லைனில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். வேலந்தாவளத்தில் ஒரு வீட்டில் மெயின் ஆஃப், ட்யூப் லைட் எல்லாம் ஆஃப், ஹாலில் சுவிட்சும் ஆஃப் என்பதால் ஃபேனும் நின்றிருந்தது, பார்த்தால் வீடே செத்துக் கிடக்கிற மாதிரி. பெட்டியில் மீட்டர் வைத்தேன், 228 காட்டியது. இன்வெர்ட்டரை அதன் சுவிட்சில் அணைத்து, அதன் அவுட்புட்டையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைத்தேன். மாடியில் சோலார் இருந்தால் அதுவும் தனிக் கணக்கு, பேட்டரியோடு இருக்கும் சோலார் என்றால் இன்வெர்ட்டர் மாதிரியேதான். ஜெனரேட்டர் வைத்திருக்கிற தோட்டத்து வீடுகளும் உண்டு.

டெஸ்டரை மட்டும் நம்பாதீர்கள். நியான் டெஸ்டர் நன்றாக வெளிச்சம் இருக்கிற இடத்தில் எரிகிறதா இல்லையா என்றே தெரியாது, பக்கத்து வயரின் தூண்டலில் இல்லாத கரண்டையும் காட்டும், உள்ளே கெட்டுப்போயிருந்தால் இருக்கிற கரண்டைக் காட்டாது. மல்டி மீட்டரை முதலில் கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார், பிறகு பெட்டியில் பார், மறுபடியும் அந்தத் தெரிந்த இடத்தில் வைத்து மீட்டர் உயிரோடுதான் இருக்கிறதா என்று பார். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மூன்றும். கடைசியில் சொன்னதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். இறக்கிய எம்.சி.பி.யின் மேல் ஒரு டேப் ஒட்டி, வேலை நடக்கிறது என்று எழுதி, டி.பி. கதவைச் சாத்தி, வீட்டில் உள்ள எல்லாரிடமும் வாயாலும் சொல்லிவிடுவது வழக்கம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன் டி.வி. ஓடவில்லையே என்று போய் சுவிட்சைத் தூக்கிவிடுவான், அவன் மேல் தப்பே இல்லை, யாரும் அவனிடம் சொல்லவில்லை.

நியூட்ரல்தானே, அதில் கரண்ட் இருக்காது என்கிற பேச்சும் ஆபத்து. ஒரே பெட்டியில் இரண்டு சர்க்யூட் போனால், முன்னால் வேலை செய்தவர் பக்கத்தில் இருக்கிற நியூட்ரலை எடுத்து இன்னொரு லைனுக்குக் கொடுத்திருப்பார். நீங்கள் ஒரு எம்.சி.பி.யை இறக்கியிருப்பீர்கள், இன்னொரு சர்க்யூட்டில் ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், அதன் கரண்ட் இந்த நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும். அந்த ஜாயின்ட்டைப் பிரித்த மறுநொடி, டி.பி. பக்கம் போகாமல் தொங்குகிற முனையில் முழு வோல்ட்டும் வந்து நிற்கும். இரண்டு இ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனை அணைக்கிற சுவிட்ச்) வைத்த வீடுகளில் இந்தக் கடன் வாங்கிய நியூட்ரலால்தான் காரணமே இல்லாமல் இ.எல்.சி.பி. விழுந்துகொண்டிருக்கும்.

வயரின் நிறமும் அப்படித்தான். நம் ஊர் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் மிக்சி, வாஷிங் மெஷின் கூடவே வரும் கார்டை வெட்டிப் பார்த்தால் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல். த்ரீ ஃபேஸ் வீட்டில் பெட்டியில் இருக்கிற நீல வயரை நியூட்ரல் என்று நினைத்து ஒருவர் கை வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடையில் பச்சை தீர்ந்துவிட்டது என்று மஞ்சளை எர்த்தாக இழுத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். நிறத்தைப் பார்த்து யூகிக்கலாம், மீட்டரில் பார்த்த பிறகுதான் நம்பலாம்.

த்ரீ ஃபேஸ் என்று சொன்னதும் நியூட்ரல் ஜாயின்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மீனாட்சிபுரம் பக்கம் ஒரு பெரிய வீட்டில் ஒரே மாலையில் டி.வி., ஃப்ரிட்ஜ், நான்கைந்து எல்.இ.டி. பல்பு எல்லாம் போய்விட்டன. வெளியே இடி, மின்னல் எதுவும் இல்லை. மீட்டரிலிருந்து டி.பி.க்கு வருகிற வழியில் ஒரு பெட்டி, அதில் மெயின் நியூட்ரலின் ஸ்க்ரூ தளர்ந்து, கருகி, கடைசியில் விட்டுப்போயிருந்தது. மெயின் நியூட்ரல் அறுந்தால் மூன்று ஃபேஸும் வீட்டுச் சாமான்கள் வழியாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். லோடு அதிகம் உள்ள ஃபேஸில் வோல்ட் இறங்கும், லோடு குறைவான ஃபேஸில் 300, 350 என்று 400 பக்கம் ஏறும். சில பல்பு மங்கலாகவும் சில பல்பு கண் கூசுகிற மாதிரியும் ஒரே நேரத்தில் எரிந்தால் அது நியூட்ரல் கோளாறு, யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். கோளாறு மீட்டருக்கு வெளியே, கம்பத்துப் பக்கம் என்று தோன்றினால் கேரள மின்வாரியமான கே.எஸ்.இ.பி.க்கு 1912 என்ற எண்ணில் சொல்லலாம். நாமே கம்பத்துப் பக்கம் போய் எதையும் தொடக்கூடாது.

பெட்டி வைக்கிற இடத்துக்கு வருவோம். தார்சு போடும்போது கம்பி கட்டின பிறகு பைப்பும் பெட்டியும் வைப்போம். கான்கிரீட் பால் பெட்டிக்குள் இறங்காமல் இருக்க உள்ளே தெர்மாகோல் அடைத்து, வாயைப் பலகையோடு ஒட்டிக் கட்ட வேண்டும், பைப் சேருகிற இடமெல்லாம் சொல்யூஷன் போட்டு ஒட்ட வேண்டும். கலவை கொட்டுகிறவர்கள் பெட்டியின் மேல் மிதிப்பார்கள், வைப்ரேட்டர் பட்டால் நகரும், அதனால் கான்கிரீட் நடக்கும்போது வயர்மேன் அங்கே நிற்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பேன். ஃபேன் மாட்டுகிற இடத்தில் இரும்புக் கொக்கி உள்ள ஃபேன் பாக்ஸ்தான் வேண்டும், அந்தக் கொக்கி தார்சுக் கம்பியோடு கட்டியிருக்க வேண்டும். வெறும் பி.வி.சி. பெட்டி ஃபேனைத் தாங்காது.

சீலிங் போடுவதாக இருந்தால் மேலே எங்கெங்கே பெட்டி இருக்கிறதோ அங்கெல்லாம் சீலிங்கில் ஒரு சிறிய கதவு விடச் சொல்லுங்கள், அல்லது அந்த இடத்தில் கழற்றக்கூடிய லைட் வரட்டும். "அழகு போயிரும்ங்க, மூடிரலாமுங்க" என்று சீலிங் வேலைக்காரர்கள் சொல்வார்கள். பூச்சு வேலையிலும் இதே பேச்சு வரும். நான் கேட்பதில்லை. பெட்டியின் மூடி சுவர் மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும், அதன் மேல் அதே பெயிண்டை அடித்துக்கொள்ளலாம், ஆனால் ஸ்க்ரூவைக் கழற்றினால் திறக்க வேண்டும். உள்ளே ஒவ்வொரு வயரிலும் ஒரு சாண் நீளமாவது கூடுதல் விட்டிருந்தால் அடுத்த முறை வேலை செய்கிறவர் மூச்சு முட்டாமல் வேலை செய்வார். பெட்டி நிறையத் திணித்து, மூடியைக் கையால் அழுத்தி ஸ்க்ரூ போடுகிற நிலை வந்தால் பெட்டி சிறியது என்று அர்த்தம்.

இந்த ஊரில் மழை பாலக்காட்டு மேற்குப் பக்கத்தைவிடக் குறைவு. ஆனால் கணவாய்க் காற்று இருக்கிறதே, ஆனி, ஆடியில் மழையைப் படுக்க வைத்து அடிக்கும். கேட் விளக்கு, மோட்டார் ரூம், காம்பவுண்டுச் சுவர் இங்கெல்லாம் வீட்டுக்குள் வைக்கிற பெட்டியை வைத்தால் ஒரு மழைக்குத் தாங்காது. வெளிப்பெட்டியில் ஐ.பி. 65 என்று எழுதியிருக்கும், முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு, 65 என்றால் தூசி புகாது, பீய்ச்சுகிற தண்ணீரையும் தாங்கும். பெட்டி மட்டும் நல்லதாக இருந்து பயன் இல்லை, கேபிள் நுழைகிற ஓட்டையில் கேபிளின் தடிமனுக்குச் சரியான கிளாண்டு, அதாவது கேபிளைச் சுற்றிக் கவ்வுகிற மூடி, போட்டு இறுக்க வேண்டும். கேபிள் கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறி நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்க விட்டால் கேபிள் வழியே ஓடி வரும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேல்பக்கம் ஓட்டை போட்டு சிலிகான் பூசிவிட்டால் போதும் என்பவர்கள் அடுத்த ஆனியில் மறுபடியும் கூப்பிடுகிறார்கள்.

வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரும். மொட்டை மாடியில் ஓதம் இருந்தால் அந்த ஈரம் தார்சுக்குள் இருக்கிற பைப்பைப் பிடித்து, பெட்டிக்கு வந்து, அங்கிருந்து சுவிட்ச் போர்டு வரைக்கும் இறங்கும். மழைக் காலத்தில் மட்டும் இ.எல்.சி.பி. விழுகிறது என்றால் முதலில் மாடியைப் பாருங்கள். இ.எல்.சி.பி. தொல்லை செய்கிறது என்று அதைத் தாண்டி நேராக வயர் கொடுக்கச் சொல்லி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன், எவ்வளவு வேண்டியவர்களாக இருந்தாலும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் அது அணைத்துவிடும், ஈரக் கையோடு குழந்தை தொட்டாலும் அந்த வேகத்தில் அணைப்பதற்கு வீட்டில் வேறு ஒரு சாமானும் இல்லை. மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், விழவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும், ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் அதுவும் காப்பாற்றாது, இ.எல்.சி.பி.க்கு நம் உடம்பு ஒரு பல்பு மாதிரிதான் தெரியும்.

பூச்சிகள் வேறு. எறும்பு மண் கொண்டுவந்து பெட்டிக்குள் கூடு கட்டும், பல்லி இரண்டு டெர்மினலுக்கு நடுவில் செத்துக் கிடக்கும். பயன்படுத்தாத வாய் ஒன்று திறந்திருந்தால் போதும். பைப் வராத வாய்களுக்கு அடைப்பு போடுங்கள், பெட்டி வாங்கும்போது நான்கு வழி தேவை இல்லாத இடத்தில் நான்கு வழிப் பெட்டி வாங்காதீர்கள்.

இரும்புப் பெட்டி என்றால் எர்த் கட்டாயம். பச்சை வயரைச் சும்மா பெட்டிக்குள் சுருட்டி வைத்தால் அது எர்த் ஆகாது, பெட்டியின் உடம்பில் லக் போட்டு ஸ்க்ரூவில் பிடிக்க வேண்டும். வயர் நுழைகிற ஓட்டையின் விளிம்பு கத்திபோல் இருக்கும், ரப்பர் புஷ் போடாவிட்டால் இழுக்கும்போதே உறை கீறிவிடும். அந்த எர்த் வெளியே போய்ச் சேருகிற குழி எப்படி இருக்கிறது என்பதும் சேர்ந்த விஷயம்தான். எருத்தேம்பதிப் பக்கம் கரிசல் மண், மழைக்கு நல்ல ஈரம் பிடிக்கும், கோடையில் வெடித்துப் பைப்பை விட்டு விலகிவிடும். அங்கெல்லாம் கோடையில் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்காகத்தான் அதில் புனலும் மூடியும் வைப்பது. மூடியின் மேல் பூந்தொட்டி வைத்துவிடுகிறார்கள், தொட்டியை நகர்த்தி வையுங்கள்.

வேலை முடிந்ததும் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் மெக்கர், அதாவது வயரின் உறை கரண்டைக் கசிய விடுகிறதா என்று அளக்கிற கருவி, வைக்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில், பல்பு, டி.வி., சார்ஜர் எல்லாம் கழற்றிவிட்டு, வயர்களுக்கு இடையிலும் வயருக்கும் எர்த்துக்கும் இடையிலும் பார்க்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும், புது வயரிங் என்றால் அதைவிடப் பல மடங்கு காட்டும். குறைவாக இருந்தால் எந்தப் பெட்டியிலோ ஈரம் அல்லது கீறல். பிறகு லோடு கொடுத்து, அரை மணி நேரம் இண்டக்‌ஷனையோ அயர்ன் பாக்ஸையோ ஓட விட்டு, மெயினை இறக்கிவிட்டு பெட்டியைத் திறந்து ஜாயின்ட் பக்கம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகு, கட்டாயமாக. ஜாயின்ட் பக்கத்து வயரைவிடச் சூடாக இருந்தால் அது சரியில்லை.

டீச்சரக்கா வீட்டில் கடைசியில் டி.பி.யிலிருந்து சமையலறைக்கு 4 சதுர மில்லிமீட்டரில் தனி லைன் இழுத்தோம், நடுவில் வெட்டே இல்லாமல். பழைய பெட்டிக்கு லைட் லைனை மட்டும் விட்டு, கனெக்டர் போட்டு மூடி, சீலிங்கில் ஒரு சதுரக் கதவு வெட்டினோம். அந்தக் கதவை அவர் குறை சொல்லவே இல்லை.

பூச்சு வேலைக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வைப்பதை எல்லா வீட்டிலும் செய்யச் சொல்கிறேன், படத்தில் ஒரு டேப் நீட்டி அளவு தெரிகிற மாதிரி. பின்னால் படம் மாட்ட ஆணி அடிக்கும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று தெரியும். டி.பி. கதவின் உள்பக்கம் எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு, அந்த லைனில் பெட்டி எங்கே, இன்வெர்ட்டர் லைன் எது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுகிறேன், தமிழிலும் மலையாளத்திலும். வீட்டில் இருக்கிற அம்மிச்சிக்குத் தமிழ்தான் வாசிக்க வரும், அவசரத்துக்கு வருகிற ஆளுக்கு மலையாளம்தான் வரும். மார்க்கர் மை சீக்கிரம் மங்கிவிடுவதால் பால் பாயிண்ட் பேனாவில் எழுதி மேலே கண்ணாடி டேப் ஒட்டச் சொல்லுங்கள், லைன் ஏதாவது மாற்றினால் தாளையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.